வல்லை வெளியின் மாட்டுக் கணக்கு

மாடு என்றால் எனக்குப் பயம். பருத்தித்துறையில் கடற்கரையோரமாகப் பிறந்து வளர்ந்தவள் நான். ஐயா இளமையில் பாய்க்கப்பல் ஓட்டியவர், பிறகு சொந்தமாக ஒரு வள்ளம் வைத்துத் தொழில் செய்தார். எங்கள் ஒழுங்கையில் வலை காயும், கருவாடு காயும்; மாடு மட்டும் வராது. பால்கூடப் போத்திலில்தான் வரும். எப்போதாவது சந்தைப் பக்கம் ஒரு மாடு எதிரே வந்தால் நான் அம்மாவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவேன். பேராதனையில் கணிதம் படித்துப் பட்டம் எடுத்து வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் எனக்குத் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. முதலாம் வருட மாணவர்களுக்குக் கணக்குச் செய்து காட்டுவதும் விடைத்தாள் திருத்துவதும்தான் வேலை. பட்டப்படிப்பின்போது கொஞ்சம் கொம்பியூட்டர் பாடமும் படித்திருந்தேன். கணனி என்ற சொல் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் அறிய அப்படி ஒரு இயந்திரமே இருக்கவில்லை. ஆகவே அந்தப் படிப்பு, நீந்தத் தெரிந்தவன் மலைநாட்டில் இருப்பதுபோல என்னிடம் சும்மா கிடந்தது.

ஒருநாள் மிருகவைத்தியர் ஒருவர் எங்கள் கணிதப் பகுதிக்கு வந்தார். புத்தூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர், நாற்பது வயதிருக்கும், ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்துக் கதைப்பவர். புள்ளிவிபரம் தெரிந்த யாராவது தனக்கு உதவ முடியுமா என்று கேட்டார். மூத்தவர்கள் எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது. என்னைக் காட்டிவிட்டார்கள்.

அவருடைய பிரச்சினை வல்லை வெளி. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாருக்கும் அந்த வெளி தெரியும். இரண்டு பக்கமும் மரமில்லாத உவர்நிலம், நடுவே கடல்நீர் ஏறி இறங்கும் கடனீரேரி, மேலே முழு வானம். நான் எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறேன். அங்கே மாடுகள் நிற்பதையும் கண்டிருக்கிறேன். அவை ஏன் அங்கே நிற்கின்றன, எப்போது வருகின்றன, எங்கே போகின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அவர் விளங்கப்படுத்தினார். மாரியில் வயல்களில் நெல் நிற்கும்போது சுற்று ஊர்களின் மாடுகளை மேட்டுப் பற்றைகளுக்குள் வைத்திருப்பார்கள். அறுவடை முடிந்ததும் வயலுக்குள் விடுவார்கள். அறுத்து மிஞ்சிய ஒட்டும் முடிந்த பிறகு, பங்குனி சித்திரை அளவில், பட்டி பட்டியாக வெளிக்கு இறக்குவார்கள். அடுத்த மழை வரும்வரை அவற்றுக்கு அந்த வெளிதான் கதி. ஆனி மாதத்துக்குப் பிறகுதான் துன்பம் தொடங்கும். குடிக்கக்கூடிய தண்ணீர் ஒரேயொரு குளத்தில் மட்டும் மிஞ்சும். எல்லாப் பட்டிகளும் அங்கே வந்து சேர, குளத்தைச் சுற்றியுள்ள நிலம் மொட்டையாகிவிடும்.

"புல்லிருக்கிற இடத்திலை தண்ணியில்லை, தண்ணியிருக்கிற இடத்திலை புல்லில்லை. மாடு நடந்தே சாகுது, மிஸ்" என்றார்.

ரோட்டுக்குக் கிட்ட ஒரு பெரிய குளம் வெட்டித் தரும்படி அவர் தன் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். காரணத்தைக் கணக்கோடு காட்டச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கைத் தேடித்தான் வந்திருந்தார்.

நான் உடனே சரி சொன்னேன். மாடுகளிடம் போகாமல் மேசையிலிருந்தே செய்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மாடு எவ்வளவு தூரம் நடக்கும், எப்போது திரும்பும், எதைக் கண்டு எந்தப் பக்கம் போகும் என்பதொன்றும் தெரியாமல் கணக்கைத் தொடங்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் வைத்தியர் என்னை வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு பட்டிக்காரியை அறிமுகப்படுத்தினார். அவவின் புருஷன் வன்னியில் காடு வெட்டிக் கமம் செய்துகொண்டிருந்தார். ஊரில் பட்டியை நடத்துவது அவவும் அவவின் தம்பியும்தான். சேலையை உயர்த்திச் செருகி, தலையில் ஒரு துவாயைக் கட்டியிருந்தா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் வெயிலுக்கு நிற்பேனா என்று வைத்தியரைக் கேட்டா. பிறகு தன் கையிலிருந்த தடியை என்னிடம் தந்தா.

"இதைச் சும்மா பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, தங்கச்சி. அடிக்க வேண்டாம். உங்களுக்குத்தான் தைரியம் வேணும், மாட்டுக்கில்லை."

அன்று முழுவதும் பட்டியின் பின்னால் நடந்தேன். முதல் ஒரு மணித்தியாலம் தடியை இறுக்கிப் பிடித்தபடி, எந்த மாடு திரும்பினாலும் நின்றுவிட்டேன். போகப் போக மாடுகள் என்னைப் பொருட்படுத்தவே இல்லை என்று விளங்கியது. அவை வேலையாக இருந்தன. தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்றுக்கு முகம் கொடுத்து, தலையைத் தூக்காமல், ஒரு அடி வைப்பதும் மேய்வதுமாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த ஒழுங்கைக் கண்டதும் எனக்குள் ஏதோ திறந்தது. இதைச் சமன்பாடாக எழுதலாம் என்று பட்டது. மாலையில் கால் கொப்பளித்து, முகம் கறுத்து வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலையிலிருந்து வந்ததை அம்மா அதற்கு முன்னர் கண்டிருக்க மாட்டா.

வெளியின் வரைபடத்தைப் பெரிய தாளில் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு புல், தண்ணீர் எவ்வளவு தூரம் என்று எழுதினேன். பட்டி நிற்கும் கட்டத்தில் புல் குறைந்தால் பக்கத்துக் கட்டங்களைப் பார்க்க வேண்டும். புல்லும் இருந்து தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போக வேண்டும். இதுதான் விதி. இதை வாரம் வாரமாக ஒரு வருடத்துக்குச் செய்துபார்க்க வேண்டும்.

கொம்பியூட்டர் கொழும்பில் இருந்தது. ஆகவே முதலில் எங்கள் வீட்டு விறாந்தையில் செய்துபார்த்தோம். தாளைச் சீமெந்து நிலத்தில் விரித்து, புளியங்கொட்டைகளை மாடுகளாக வைத்தோம். நான் விதியைச் சொல்ல, இரண்டு தங்கச்சிமாரும் கொட்டைகளை நகர்த்துவார்கள். வலையிலிருந்து கழன்ற ஈயக் குண்டுகளை ஐயா கொண்டுவந்து தந்தார்; அவை குளங்கள். சமையல் முடிந்ததும் அம்மாவும் வந்து இருப்பா. நாங்கள் ஐந்து பேரும்தான் என்னுடைய முதல் கொம்பியூட்டர்.

அந்தக் கொம்பியூட்டரின் ஒரு பகுதி மட்டும் சொல்வழி கேட்காது. அம்மா தன் பக்கத்துக் கொட்டைகளை எவ்வளவு நல்ல புல்லிருந்தாலும் தூரத்துக்கு அனுப்ப மாட்டா. நான் திருத்தித் திருத்திக் களைத்து, ஏனம்மா விதியைக் குழப்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"கண்டுக்குட்டி வீட்டிலை நிக்கேக்கை தாய் அவ்வளவு தூரம் போகுமே, பிள்ளை?" என்றா.

அம்மாவும் என்னைப்போல மாடு வளர்த்தவ இல்லை. ஆனாலும் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை பட்டிக்காரியிடம் விசாரித்தேன். கறவை மாடுகள் பொழுதுபட முன்னரே தாமாகப் பட்டிக்குத் திரும்பிவிடும் என்றும், வறட்டு மாடுகள் நாட்கணக்கில் வெளியிலேயே நிற்கும் என்றும் சொன்னா. அப்படியானால் வெளியில் நிற்பது ஒரு வகை மாடு இல்லை, இரண்டு வகை. வீட்டுக்கு வந்து கறவை மாடுகளுக்கெல்லாம் சோழி வைத்தேன். சோழிகளின் பொறுப்பை அம்மாவிடமே கொடுத்தேன்.

விறாந்தையில் ஒரு கோடையை நடத்தி முடிக்க எங்களுக்கு இரண்டு மூன்று கிழமை போனது. குளத்தை வேறு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், மழை பிந்திய வருடத்தைப் பார்க்க வேண்டும், நல்ல மழை வருடத்தையும் பார்க்க வேண்டும். தங்கச்சிமாருக்குப் பள்ளிக்கூடச் சோதனை வந்தது. ஐயாவுக்கு முழங்கால் நொந்தது. கொழும்புக்குப் போகாமல் முடியாது என்றானது.

என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கொம்பியூட்டர் பகுதியில் வேலை செய்தாள். இயந்திரம் சும்மா நிற்கும் நேரங்களில் என் கணக்கை ஓடவிட மேலதிகாரியிடம் அனுமதி வாங்கித் தந்தாள். விதிகளை எல்லாம் போர்ட்ரான் மொழியில் எழுதி எடுத்துக்கொண்டு றெயில் ஏறினேன். அங்கே ஒவ்வொரு வரியையும் ஒரு அட்டையில் துளையாக அடிக்க வேண்டும். குளிரூட்டிய அறைக்குள் இயந்திரம் ஒரு வரிசை அலுமாரிகளைப்போல நின்றது. அதை இயக்கியவர் ஒரு சிங்களவர், அம்பாந்தோட்டைப் பக்கத்து ஆள். என் அட்டைகளை வாங்கி வைத்துவிட்டு, சம்பளப் பட்டியலா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாடுகள் என்றேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மத்தியான இடைவேளையில் கணக்கு ஓடியது. நீளமான தாள் மடிந்து மடிந்து விழுந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் வெளியின் படம் எழுத்துகளால் அச்சாகும். புல் நிறைந்த கட்டத்தில் நட்சத்திரம், மொட்டை நிலத்தில் புள்ளி, பட்டிகளுக்கு இலக்கங்கள். தை முதல் சித்திரை வரை எல்லாம் நன்றாகவே இருந்தன. வைகாசியிலிருந்து பட்டிகள் ஒவ்வொன்றாகக் கடனீரேரிக்குள் இறங்கின. ஆடி மாதம் வல்லை வெளியின் மாடுகள் அத்தனையும் ஏரியின் நடுவே நின்றன. மழை வந்தும் கரையேறவில்லை.

இயந்திரத்தை இயக்கியவர் தாளைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்து மாடுகள் நீந்துமா என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு முகம் சிவந்துபோனது. பிறகு இருவருமே சிரித்துவிட்டோம். ஏரிக் கட்டங்களையும் நான் மேயும் நிலமாகவே வைத்து, தண்ணீர் என்று மட்டும் எழுதியிருந்தேன். இயந்திரத்துக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தன் ஊரிலும் வெயில் காலத்தில் எருமைப் பட்டிகள் இப்படித்தான் ஒரு குளத்தைச் சுற்றி நெரிபடும் என்று சொன்னார். மழை முடிந்த கையோடு களப்புத் தண்ணீரை அவை குடிக்கும் என்றும், உப்பு ஏறிய பிறகு வாய் வைக்காது என்றும் சொன்னார். எங்கள் ஏரியும் அப்படித்தான் என்று எனக்கு ஐயா சொல்லித் தெரியும். ஆனால் அதைக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும் என்று தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். ஐயா நெடுநேரம் சிரித்தார். பிறகு என்னோடு இருந்து, ஏரித் தண்ணீர் எந்த மாதத்தில் எந்தப் பக்கமாக உவராகத் தொடங்கும் என்று தனக்குத் தெரிந்ததை வரைபடத்தில் குறித்துத் தந்தார். சில இடங்களில் அவருக்கும் சந்தேகம் இருந்தது. அந்த இடங்களுக்கு வைத்தியர் சைக்கிளில் போய்த் தண்ணீர் எடுத்து வந்து சோதித்தார். அதற்கே சில மாதங்கள் போயின.

இரண்டாம் முறை கொழும்பில் மாடுகள் கரையில் நின்றன. இயந்திரத்தை இயக்கியவர் எனக்கு முன்பே தாளை எடுத்துப் பார்த்து, தலையை ஆட்டினார். ஆனால் அந்தத் தாள் வேறொரு செய்தியைச் சொன்னது. ரோட்டோரத்தில் பெரிய குளம் வெட்டினால் தூரத்துப் பட்டிகளும் அங்கே இழுபட்டு வந்தன. ஆனி மாதத்துக்குள் சுற்றிவர எல்லாம் புள்ளிகளாயின. அதன்பிறகு மாடுகள் முன்னரைவிடக் கூடுதலாக நடந்தன. சிறிய குளங்கள் மூன்றை ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தபோது பட்டிகள் பிரிந்தன. ஆவணியிலும் அங்கங்கே நட்சத்திரம் மிஞ்சியது. மழை பிந்திய வருடத்திலும் அப்படியே.

தாள்களை வைத்தியரின் கந்தோரில் மேசையில் விரித்து வைத்தேன். அவர் ஒவ்வொரு மாதமாகப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நான் கேட்டதே பிழை எண்டு சொல்லுறியள்."

ஓம் என்றேன். அவர் எழுந்து வாசலில் போய் நின்றார். பெரிய குளத்துக்காக அவர் இரண்டு வருடமாக அலைந்தது எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுவதும் அவரிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. என் வேலை அத்தோடு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் வாசிகசாலையில் ஊர்க்கூட்டம் நடந்தது. குளம் வெட்டுவதைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம். பட்டிக்காரர்களும் கமக்காரர்களும் வந்திருந்தார்கள். ஊர்ச் சங்கத்தின் தலைவருக்கு ரோட்டோரத்துப் பெரிய குளத்தில் மிகுந்த விருப்பம். பஸ்ஸில் போகிறவர்களும் காணும்படி ஒன்று செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் பிழையொன்றும் இல்லை. வைத்தியர் வருவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிந்தி வந்தார். வந்ததும் நேரே முன்னால் போய், பெரிய குளம் கேட்டு எழுதியது தான்தான் என்றும், இப்போது அது கூடாது என்று நினைப்பதாகவும், காரணத்தை இந்தப் பிள்ளை சொல்லும் என்றும் சொல்லிவிட்டு இருந்தார். ஒரு கந்தோர் அதிகாரி சபையில் எழுந்து தன் விண்ணப்பத்தையே மறுத்ததை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

சுவரில் தாள்களை ஒட்டினேன். புல்லுள்ள இடங்களுக்குத் தங்கச்சிமார் பச்சை நிறம் தீட்டித் தந்திருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் பட்டிக்காரி எழுந்து சுவருக்குக் கிட்ட வந்தா.

"உதிலை என்ரை பட்டி எது, தங்கச்சி?"

இலக்கத்தைக் காட்டினேன். அவ விரலை வைத்து மாதம் மாதமாகப் பின்தொடர்ந்தா. சித்திரையில் சரி என்றா, வைகாசியில் சரி என்றா. ஆனியில் விரல் நின்றது.

"ஆனியிலை நான் உந்தப் பக்கம் போறேல்லை" என்றா. பின்வரிசையில் இருந்த ஒரு பட்டிக்காரரைத் திரும்பிப் பார்த்து, "உந்த மனிசன் அங்கை நிக்கிறவரைக்கும் போகவும் மாட்டன்" என்றா.

சபை முழுவதும் சிரித்தது. அந்த மனிதரும் சிரித்தார். அவர்களுடைய பகை என்னவென்று எனக்குத் தெரியாது. என் கணக்குக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு எல்லாரும் சுவரடிக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் தன் இலக்கத்தைத் தேடினார்கள். என் படம் சொன்னது சில இடங்களில் பிழை என்றார்கள். வேறு சில இடங்களில் தாங்களே நெடுநேரம் யோசித்தார்கள். குளத்துக்குக் கிட்டவாக மாட்டை வைத்திருந்தால் மாடு நடப்பது குறையும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். புல்லைத் தேடி மாடு போய்வரும் தூரத்தை ஒருவரும் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை. இறுதியில் தலைவர், முதலில் சிறிய குளங்களை வெட்டிப் பார்ப்போம், சரிவராவிட்டால் பெரியதைப் பற்றி யோசிப்போம் என்று முடித்தார். கூட்டம் கலைந்த பிறகு வைத்தியர் என்னிடம் வந்து, ஒரு வாரமாகத் தனக்கு நித்திரை இல்லை என்றும் இன்றைக்காவது நித்திரை கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மாரிக்கு முன்னர் ஊரார் சேர்ந்து வெட்டினார்கள். மூன்றில் ஒன்று பொய்த்துப் போனது. வெட்டிய இடத்தில் அடியிலிருந்து உவர் ஊறியது. நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று என் கட்டங்களுக்குத் தெரியாதே. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பட்டிக்காரிதான், இரண்டு மிஞ்சியிருக்குத்தானே என்று சொல்லி, வெட்டிய மண்ணை அந்த இரண்டின் அணைக்கட்டுக்கு அள்ளிப் போட ஆட்களைத் திருப்பினா.

அடுத்த கோடை கடுமையானதாகவே வந்தது. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளிக்குப் போனேன். ஆடி மாதம் பட்டிகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன. படத்தில் இருந்ததுபோல அப்படியே என்று சொல்ல மாட்டேன். சில பட்டிகள் நான் நினைத்த இடத்திலேயே நின்றன, சில தங்கள் பாட்டுக்குப் போயின. ஆனால் பழைய குளத்தடியில் நெரிசல் இல்லை. ஆவணியில் அங்கே காய்ந்த புல்லாவது இருந்தது. மாடு விழுந்துவிட்டது, ஓடி வாருங்கள் என்று அந்தப் பருவத்தில் தன் கந்தோருக்கு வருகிறவர்கள் நன்றாகக் குறைந்துவிட்டார்கள் என்று வைத்தியர் சொன்னார். இரண்டு குளங்களுக்காகவா, ஆட்கள் கவனமாக இருந்ததாலா என்று அறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் அப்படித்தான்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தபோது நான் பஸ்ஸில் வல்லைப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன். யன்னல் சட்டத்தால் மழை உள்ளே அடித்தது. மாடுகள் மழைக்குள் அசையாமல் நின்றன. பக்கத்து இருக்கை மனிசி யன்னலை மூடச் சொன்னா. நான் நனைந்துகொண்டே பார்த்தேன்.

அடுத்த வருடம் வைத்தியருக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது. அங்கே வெளி பெரிது, பட்டிகள் பெரிது, கோடையும் நீண்டது என்றார். வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அதற்குள் எனக்கு வளாகத்தில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. கொழும்பில் இயந்திரத்தை இயக்கியவரும், தன் ஊருக்கும் ஒருமுறை செய்துபார்க்கலாமா என்று சிநேகிதியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். விடுமுறை தொடங்கிய அன்றே மன்னாருக்குப் பஸ் ஏறினேன்.

பஸ்ஸால் இறங்கியபோது வெயில் சரிந்திருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல், எனக்குப் பெயர் தெரியாத புல். தூரத்தில் ஒரு பெரிய பட்டி தூசி கிளப்பிக்கொண்டு வந்தது. வைத்தியர் இன்னும் வரவில்லை. பையை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நடந்தேன்.